உளவு நாவல்களில் விசுவாசம் யாருக்கு உரியது?

கேள்வி: நல்லூர் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் உளவு நாவல்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதற்கு முன்னர் இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் என் வயதினருக்கு உளவாளி என்றவுடன் நினைவுக்கு வருபவர் ராணி காமிக்ஸில் வந்த ஜேம்ஸ் பொண்ட். எந்தப் பக்கத்தில் நிற்பது என்ற ஐயம் அவருக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. பிற்காலத்தில் ஜோன் லெ காரே 1963இல் எழுதிய 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃபுறொம் த கோல்ட்' நாவலையும், கிரஹாம் கிறீன் 1978இல் எழுதிய 'த ஹியூமன் ஃபக்டர்' நாவலையும் அடுத்தடுத்து வாசித்தபோது முற்றிலும் வேறான உலகமொன்றைக் கண்டேன். அங்கே நாட்டின் இரகசியத்தை எதிரிக்குக் கொடுப்பவன் மீது வாசகருக்கு இரக்கம் பிறக்கிறது. நாட்டைக் காக்கும் அதிகாரிகளோ, உணவருந்திக்கொண்டே, தங்கள் அலுவலகத்து ஊழியன் ஒருவனை விசாரணையின்றிக் கொன்றுவிடலாமா என்று ஆலோசிக்கிறார்கள்.

இது அரசியலைப் பற்றிய விமர்சனமா, அல்லது அரசியலிலிருந்து தப்பித்துக் காதல், நட்பு, தனிமை என்று பாதுகாப்பான இடத்துக்குள் ஒதுங்கிக்கொள்வதா என்பதே என் கேள்வி. அதனோடு இன்னொன்றும் இருக்கிறது. சுற்றிவளைப்பின்போது, முகத்தை மறைத்துக்கொண்டு தலையசைத்து ஆள்காட்டும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களும், 'துரோகி' என்று எழுதிய அட்டையோடு மின்கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களின் உறவினரும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊரில், இந்தக் கதைகளை இலண்டன் வாசகர் வாசிப்பதுபோல் ஒரு புத்திசாலித்தனமான விளையாட்டாக நம்மால் வாசிக்க முடியுமா?

பதில்: வடமராட்சியான்

வணக்கம் தம்பி. தப்பித்தல் என்று நான் சொல்லமாட்டேன். குறைந்தபட்சம் நீங்கள் குறிப்பிட்ட முதல் நாவலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. முடிவைச் சொல்லாமல் அதைப் பேச இயலாது. ஆகவே வாசிக்காதவர்கள் என் பதிலைத் தாண்டிச் செல்லலாம்.

பேர்லினில் தன் ஆட்களை ஒவ்வொருவராக இழந்த லீமஸ் என்ற பிரித்தானிய அதிகாரி, வேலையிழந்து குடித்துச் சீரழிந்தவன்போல் நடித்து, கிழக்கு ஜேர்மனியரிடம் விலைபோகிறான். அவனுக்குச் சொல்லப்பட்ட நோக்கம், அங்குள்ள எதிர் உளவுப் பிரிவின் தலைவனான முண்ட்டை அழிப்பது. முண்ட் கொடியவன்; முன்னாள் நாசி. அவனுக்குக் கீழே பணியாற்றும் ஃபீட்லர் யூதன்; தன் கொள்கையை உண்மையாகவே நம்புகிறவன். இறுதியில் தெரியவருவது என்னவென்றால், முண்ட் பிரித்தானியாவின் ஆள் என்பதும், முண்ட்டைச் சந்தேகிக்கத் தொடங்கிய ஃபீட்லரை ஒழித்து முண்ட்டைக் காப்பாற்றுவதற்காகவே லீமஸ் அவனறியாமல் அனுப்பப்பட்டான் என்பதும்தான். இதற்குள் லீமஸை நேசித்த லிஸ் என்ற இளம் கம்யூனிஸ்ட் பெண்ணும் இழுத்து வரப்பட்டு, பேர்லின் மதிலில் ஏறும்போது சுடப்படுகிறாள்.

கொள்கைக்கு விசுவாசமாக இருந்த இருவர், அதாவது ஃபீட்லரும் லிஸும், இரண்டு அரசுகளாலும் சேர்த்து அழிக்கப்படுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்தக் கொள்கையும் இல்லாத முண்ட் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுகிறான். ஓரிடத்தில் ஃபீட்லர் லீமஸிடம், உங்கள் ஆட்கள் எதை நம்பி இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். லீமஸிடம் பதில் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, பேர்லின் மதில் எழுந்து இரண்டே ஆண்டுகளில், உளவுத்துறையிலேயே பணியாற்றிக்கொண்டிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிட்டு, காதல் கதை என்று இதை ஒதுக்க முடியாது. மதிலின் மேலிருந்து மேற்குப் பக்கம் குதிக்க வாய்ப்பிருந்தும் லீமஸ் அவள் கிடந்த பக்கமே இறங்குகிறான். அதை நான் காதலின் வெற்றியாக வாசிப்பதில்லை. தன்னை அனுப்பிய அரசுக்கு அவன் சொல்லும் ஒரே பதில் அதுதான்.

பதில்: தீவகத்தாள்

வடமராட்சியான் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் எல்லாப் பிரித்தானிய எழுத்தாளர்களுக்கும் அதே நற்சான்றிதழைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த நாவல்களுக்குப் பின்னால் நிற்கும் உண்மைக் கதை கிம் ஃபில்பியுடையது. கேம்பிரிட்ஜில் படித்து, பிரித்தானிய வெளிநாட்டு உளவுத்துறையில் உயர் பதவிவரை சென்று, அந்தக் காலம் முழுவதும் சோவியத் ஒன்றியத்துக்கு வேலை செய்து, 1963 ஜனவரியில் பெய்ரூத்திலிருந்து மொஸ்கோவுக்குத் தப்பியவர். கிறீன் போர்க்காலத்தில் அவருக்குக் கீழே பணியாற்றியவர். ஃபில்பியின் தன்வரலாறு 1968இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய கிறீன், நாட்டைவிட முக்கியமான ஒன்றுக்கோ ஒருவருக்கோ துரோகம் செய்யாதவர் நம்மில் யார் என்ற பொருளில் கேட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபோர்ஸ்ரர், நாட்டையா நண்பனையா காட்டிக் கொடுப்பது என்ற நிலை வந்தால் நாட்டைக் காட்டிக் கொடுக்கும் துணிவு தனக்கு இருக்க வேண்டுமென்று விரும்புவதாக எழுதியிருந்தார்.

கேட்பதற்கு அழகான வாக்கியங்கள். ஆனால் ஃபில்பி காட்டிக் கொடுத்த 'நாடு' என்பது வெறும் கருத்து அல்ல. பெயர்களும் தேதிகளும் பயணப் பாதைகளும் கைமாறும்போது அவற்றின் மறுமுனையில் மனிதர்கள் இருந்தார்கள். பனிப்போரின் தொடக்கத்தில் அல்பேனியாவுக்குள் இரகசியமாக அனுப்பப்பட்டு, பிடிபட்டுக் கொல்லப்பட்ட அகதிகளை நினைத்துப் பாருங்கள். அந்த நடவடிக்கையின் தோல்விக்கு ஃபில்பி மட்டும்தான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆயினும் அதைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அந்த அல்பேனியர்களில் எவருக்கும் கேம்பிரிட்ஜ் நண்பர்கள் இருக்கவில்லை. எனவே அவர்களுக்கு நாவலும் இல்லை. நண்பனா நாடா என்று தராசில் வைத்துப் பார்க்கும் வசதி, நாடு இருக்கிறது, அது நாளைக்கும் இருக்கும் என்ற உறுதியோடு பிறந்தவர்களுக்கு உரியது என்பது என் எண்ணம்.

அதனால்தான் வியற் தான் நுயென் 2015இல் எழுதி, அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற 'த சிம்பதைசர்' நாவலை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். கதைசொல்லி பெயரற்றவன், வியட்நாமியத் தாய்க்கும் பிரெஞ்சுப் பாதிரியாருக்கும் பிறந்தவன், தென்வியட்நாம் இரகசியப் பொலிஸில் தளபதியொருவரின் நம்பிக்கைக்குரிய கப்டன், அதே வேளையில் கம்யூனிஸ்டுகளின் உளவாளி. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபோது தோற்றவர்களோடு விமானமேறிக் கலிபோர்ணியாவுக்குச் சென்று, அங்கும் உளவைத் தொடர்கிறான். தன் மீது சந்தேகம் விழாமல் இருப்பதற்காக, உளவாளி என்று குற்றமற்ற மேஜர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரைக் கொல்லும் வேலையிலும் பங்கெடுக்கிறான். கொல்லப்பட்டவர் அதன்பின் அவனை விட்டு நீங்குவதேயில்லை. கடைசியில் ஊர் திரும்புகிறவனை மறுகல்வி முகாமில் அடைத்துப் பக்கம் பக்கமாக வாக்குமூலம் எழுதவைப்பது எதிரி அல்ல. அவன் ஆயுள் முழுவதும் யாருக்காக உழைத்தானோ அவர்களே.

ஆங்கிலேயர் எழுதிய கதைகளில் உளவாளியின் துயரம் பெரும்பாலும் தனிமைதான். இங்கே வென்ற பின்னரும் சொந்தப் பக்கம் அவனை நம்புவதில்லை. நல்லூர் வாசகனின் இரண்டாவது கேள்விக்கு இதற்குள் ஒரு பகுதிப் பதில் இருக்கிறது.

பதில்: பழைய பாடசாலை

நான் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். மேனாட்டு நாவல்களில் என் வாசிப்பு குறைவு. எனினும் 'த ஹியூமன் ஃபக்டர்' வாசித்திருக்கிறேன். விசுவாசம் பற்றிய கேள்விக்கு நம்மிடம் உள்ளவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு அங்கே போகலாம்.

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் உளவை அரசனின் கண்ணாகவே பார்க்கிறார். 'வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று' என்ற குறளில் பகைவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். முதலில் சொந்த ஊழியர், அடுத்து உறவினர். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றும் சொல்கிறார். ஒற்றனின் மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அவர் கேட்கும் கேள்வி அல்ல. அரசனுக்குச் சொல்லும் நூலில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

மனத்தைக் கேட்டவன் கம்பன். இலங்கையை ஆண்டவன் தவறு செய்கிறான் என்று தெரிந்த தம்பியர் இருவர். வீடணன் போய்விடுகிறான். கும்பகருணன் போகவில்லை; 'நீர்க்கோல வாழ்வை நச்சி' எனத் தொடங்கி, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று தம்பியிடமே சொல்கிறான். இவர்களில் யார் உயர்ந்தவர் என்று யாழ்ப்பாணத்துப் பட்டிமண்டபங்களில் எத்தனையோ இரவுகள் வாதிட்டிருக்கிறோம். (நான் பெரும்பாலும் கும்பகருணன் அணியில் இருந்தேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) ஆனால் இருவரும் செய்ததை வெளிப்படையாகவே செய்தார்கள். மனத்தால் வெளியேறிய பின்னரும் அதே மாளிகையில், அதே ஆசனத்தில், அதே சோற்றை உண்டுகொண்டு இருப்பவன் ஒருவனை எந்தப் பட்டிமண்டபத்திலும் நாங்கள் மேடையேற்றியதில்லை. அந்த மூன்றாம் தம்பியைத்தான் இக்கால உளவு நாவல் தன் நாயகனாக்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கிறீனின் காஸில் அப்படிப்பட்டவன். ஆயினும் அவனுக்குள்ளே ஒரு கும்பகருணனும் இருக்கிறான். தென்னாபிரிக்காவில் நிறவெறிச் சட்டத்தை மீறிக் கறுப்பினப் பெண்ணான சாராவை நேசித்தவனுக்கு, அவளை நாட்டிலிருந்து தப்பவைக்க உதவியவன் கார்சன் என்ற கம்யூனிஸ்ட். அந்த நன்றிக்கடனைத் தீர்ப்பதற்காகவே காஸில் மொஸ்கோவுக்குச் செய்தி அனுப்பத் தொடங்குகிறான். பொதுவுடைமையில் அவனுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. செஞ்சோற்றுக்கடன் அறிந்த வாசகருக்கு இந்த மனிதனை விளக்கவேண்டியதே இல்லை. கடன் பகைவனின் பக்கத்தில் இருந்தது என்பதுதான் சிக்கல்.

சந்தேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புறநானூற்றின் 47ஆம் பாட்டு எழுந்த சூழலை அதன் கீழுள்ள குறிப்பு சொல்கிறது. இளந்தத்தன் என்ற புலவன் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வருகிறான். அங்கிருந்த நெடுங்கிள்ளி, ஒற்று வந்தான் என்று அவனைக் கொல்லப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கிட்டு, பரிசில் தேடிப் பறவைபோல் பல இடங்களுக்கும் போகும் புலவர் பிறருக்குத் தீங்கு எண்ணுவாரோ என்று பாடி அவனை மீட்கிறார். பகைத்துநின்ற இருவரும் சோழரே என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது நான் அழுத்திச் சொல்வதுண்டு. அந்த இளைஞன் செய்த குற்றம், ஒரே குடியின் இரண்டு பிரிவுகளுக்கிடையே நடந்துபோனது மட்டுமே. போர்க்காலத்தில் இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தியபோது எந்தப் பிள்ளையும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

கிறீனின் நாவலில் இளந்தத்தனின் இடத்தில் இருப்பவன் டேவிஸ். காஸிலின் பிரிவில் வேலை செய்யும் இளைஞன். கொஞ்சம் குடி, கொஞ்சம் சூதாட்டம், கைகூடாத ஒரு காதல், இவற்றைத் தவிர வேறு குற்றமில்லை. தகவல் கசிகிறது என்று அறிந்தவர்கள் அவனே என்று முடிவுசெய்து, வழக்குப் போட்டால் துறையின் மானம் போகும் என்பதால், நோயால் இறந்ததுபோல் தோன்றும்படி நஞ்சூட்டிக் கொல்கிறார்கள். அவனுக்காகப் பேச எந்தக் கிழாரும் வரவில்லை.

பதில்: நல்லூர் வாசகன்

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன மூன்றாம் தம்பியை என் பேச்சின் நடுவில் வைத்துக்கொள்ளப் போகிறேன். அனுமதி உண்டு என்று நம்புகிறேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். இவை யாவும் பனிப்போர் காலத்துக் கதைகள், அல்லது அந்தக் காலத்தைப் பற்றிய கதைகள். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு இந்த வகை நாவலில் விசுவாசம் என்ற கேள்விக்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா?

பதில்: குருநகர்

இருக்கிறது, ஆனால் பகைவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். லெ காரேயின் 2001ஆம் ஆண்டு நாவலான 'த கொன்ஸ்ரன்ற் கார்டனர்' கென்யாவில் மருந்து நிறுவனமொன்று ஏழைகளின் உடலில் நடத்தும் பரிசோதனையைப் பற்றியது; அதை மூடிமறைப்பவர்கள் பிரித்தானியத் தூதரகத்தவர்கள். 2019இல் வந்த அவரது கடைசிக் காலத்து நாவலொன்றில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரித்தானியா மீதுள்ள கோபத்தால் ஓர் இளைஞன் இரகசியத்தைக் கைமாற்ற முனைகிறான். கதையாக அது சற்றுப் பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். பாத்திரங்கள் பேசுவதைவிட ஆசிரியரே அதிகம் பேசுகிறார். ஆயினும் அந்தக் கோபம் நடிப்பல்ல. அவர் 2020 டிசம்பரில் இறப்பதற்கு முன்னர் அயர்லாந்துக் குடியுரிமை பெற்றுக்கொண்டார்.

அயர்லாந்து என்றதும் நினைவுக்கு வருபவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். ஜேர்மனியர் கடல்வழியாக இங்கிலாந்தைத் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்று எச்சரித்து 1903இல் அவர் எழுதிய நாவல், இக்கால உளவு நாவலின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்தத் தேசபக்தரே 1914இல் தன் பாய்க்கப்பலில், தன்னாட்சி கோரிய அயர்லாந்துத் தொண்டர் படையினருக்குத் துப்பாக்கிகள் கொண்டுவந்து இறக்கினார். பின்னர் அயர்லாந்துக் குடியரசுவாதிகளோடு முற்றாகச் சேர்ந்து, 1922 நவம்பரில், உள்நாட்டுப் போரின்போது, பிரித்தானியரால் அல்ல, புதிய அயர்லாந்து அரசினால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன் 1973இல் அதே நாட்டின் ஜனாதிபதியானார். இப்படி ஒரு கதையை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பமுடியாதென்று தள்ளிவிடுவோம்.

நம்முடைய நிலைமைக்கு நெருக்கமானது மொஸ்கோவோ பேர்லினோ அல்ல, வட அயர்லாந்துதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்துக்குள் இருந்துகொண்டு, காட்டிக் கொடுப்பவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் பிரிவிலேயே பணியாற்றிய ஒருவர், உண்மையில் பிரித்தானிய இராணுவத்தின் ஆளாக இருந்தார். 'ஸ்ரேக்நைஃப்' என்ற குறிப்புப்பெயரால் அறியப்பட்ட அவரைப் பற்றி நடந்த நீண்ட விசாரணையின் இடைக்கால அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிட இழக்கப்பட்ட உயிர்களே அதிகமாக இருக்கலாம் என்று அது சொன்னது. துரோகி என்று கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள், அந்தப் பெயரைத் துடைப்பதற்காக இன்றும் போராடிக்கொண்டிருக்கின்றன.

பதில்: தீவகத்தாள்

குருநகர் சொன்ன குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டு 'பழைய பாடசாலை' ஐயாவிடம் ஒரு சிறு முரண்பாட்டைப் பணிவோடு முன்வைக்கிறேன். டேவிஸுக்காகப் பேச எவரும் வரவில்லை என்றீர்கள். பேசக்கூடியவன் ஒருவன் இருந்தான், ஐயா. அடுத்த மேசையில் இருந்தான். கசிவு எங்கிருந்து என்று உறுதியாக அறிந்த ஒரே மனிதன் காஸில். நண்பன் மீது சந்தேகம் விழுவதை உணர்ந்தும் அவன் மௌனமாக இருந்தான். மனைவியும் பிள்ளையும் அவனை மௌனமாக்கினார்கள். நன்றிக்கடன் உள்ள மனிதன் என்று நாம் இரங்கும்போது, அந்தக் கடனின் வட்டியைக் கட்டியவன் டேவிஸ் என்பதைக் கிறீன் மறைக்கவில்லை. நாம்தான் வாசிக்கும் வேகத்தில் கடந்துவிடுகிறோம்.

நல்லூர் வாசகனின் முதல் கேள்விக்கான பதிலும் இதன் பிறகே வருகிறது. டேவிஸ் இறந்ததோடு, கசிவும் நின்றுவிட்டால் குற்றவாளி அவனே என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். காஸில் பாதுகாப்பாக ஓய்வுபெற்றிருக்கலாம். ஆனால் தென்னாபிரிக்க நிறவெறி அரசைக் காப்பாற்ற மேற்கு நாடுகள் வகுத்த இரகசியத் திட்டமொன்று அவன் கைக்கு வந்தபோது, அகப்படுவோம் என்று தெரிந்தே கடைசிச் செய்தியை அனுப்புகிறான். கார்சன் அப்போது உயிரோடு இல்லை. கடனும் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஒரு தனிமனிதருக்காகத் தொடங்கியது, முகமறியாத மக்களுக்காகச் செய்த அரசியற் செயலாக முடிகிறது. அந்தச் செயலுக்கு அவன் கொடுத்த விலை, சாராவும் பையனும் இங்கிலாந்தில், அவன் மொஸ்கோவில். இத்தனை ஆண்டுகள் அவன் அனுப்பிய தகவல்களுக்குத் தம்மளவில் பெரிய பெறுமதி இருக்கவில்லை என்பதையும், வேறொரு போலி உளவாளியை இலண்டன் நம்பும்படி செய்யவே அவை பயன்பட்டன என்பதையும் அவன் அங்கேதான் அறிகிறான்.

கூட்டத்தில் நேரம் குறைவென்றால், டேவிஸின் மரணத்திலிருந்து அந்தக் கடைசிச் செய்தி வரையுள்ள பகுதியை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டு விவாதத்தைத் தொடங்குங்கள். காஸில் பேசியிருக்கவேண்டுமா என்று முதலில் பெண்களிடம் கேளுங்கள்.